இடது காலில் வாசித்த தவில்

என் மனைவியின் கால்கள் இரண்டும் எனக்குத் தவில். கல்யாணமான புதிதில் தொடங்கிய கெட்ட பழக்கம். சாயங்காலம் நாடகம் பார்க்கச் சோபாவில் சாய்ந்து அவள் கால்களை என் மடியில் நீட்டினால் என் விரல்கள் சும்மா இருக்காது. வலது கெண்டைக்கால் தவிலின் வலந்தலைப் பக்கம், இடது கெண்டைக்கால் தொப்பிப் பக்கம். கெட்டிமேளம் வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்துவேன். "இது என்ன, ஒங்கப்பா வாங்கிக் குடுத்த மேளமா?" என்பாள். ஆனால் காலை எடுக்க மாட்டாள்.

தொழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். வார நாட்களில் புஞ்சாக் ஆலாமில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் மேற்பார்வை. சனி ஞாயிறுகளில் குவாலா சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பேன். மாப்பிள்ளை மேடை ஏறியதும், "தம்பி, யோசிக்கணும்னா இப்பவே யோசிச்சுக்குங்க, பின் வாசல் தெறந்துதான் இருக்கு" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைக்கிறவன் நான்தான். இப்படிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. உண்மையாகவே பயந்து நடுங்கினாலும் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்பாததற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. என் பீதிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒருமுறை மாரடைப்பு என்று நானே முடிவு செய்து, கிடங்கில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஏப்பம் விட்டுத் திரும்பி வந்தேன். மனைவி முதல் முறை மாசமாக இருந்தபோது, குழந்தை அசையவில்லை என்று அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் அது உதைத்துக்கொண்டே வந்ததாம். "சொல்றதுக்கு எங்க விட்டீங்க?" என்றாள்.

மூத்த மகள் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, நாற்பத்தைந்தைத் தாண்டிய எனக்கும் நாற்பதைத் தாண்டிய என் மனைவிக்கும் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. அவள் மாசமாக இருக்கும்போதே கிளினிக்கில் என்னைப் பார்த்து, "தாத்தாவா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, அப்பா வேலைக்குப் போயிட்டாரு" என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளுக்குள் அப்போதே உதறல்தான். வயது ஏற ஏற எதெல்லாம் ஆகலாம் என்று டாக்டர்கள் சொன்ன எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து வேடிக்கையாக நடித்துக் காட்டுவேன். நடித்துக் காட்டிவிட்டால் அது நடக்காது என்று ஒரு நம்பிக்கை.

பிரசவம் சுகமாக முடிந்தது. தையல் போட்டிருந்ததால் உட்காரத்தான் கஷ்டப்பட்டாள். பத்தியம் பார்க்கப் பத்தாங் காலியிலிருந்து அவளுடைய அக்கா வந்து இறங்கினார். தங்கைக்குத் தாய் மாதிரி. தோட்டத்து லய வீட்டில் பிறந்து, வேலை வாங்கும் மண்டோரையே எதிர்த்துப் பேசி வளர்ந்தவர். அவர் வந்த அன்றே வீட்டில் ஆட்சி மாறியது. ஜன்னல்கள் அடைபட்டன. காற்றாடி நின்றது. மனைவியின் வயிற்றைச் சுற்றி நீளத் துணி இறுகியது. படுத்தே இருக்க வேண்டும். தண்ணீர் தொண்டையை நனைக்கிற அளவுக்குத்தான், அதுவும் வெந்நீர்.

"அக்கா, பாலைவனத்துல ஒட்டகத்துக்குக்கூட இதவிட அதிகமா குடுப்பாங்க" என்றேன்.

"ஒட்டகம் புள்ள பெத்தா நீங்க போயி பத்தியம் பாருங்க தம்பி. இது என் தங்கச்சி. தண்ணியக் குடிச்சா வயிறு தொங்கிப் போவும்லா."

நடுவில் ஒருநாள் தாயையும் குழந்தையையும் பார்க்கச் சுகாதார கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார். மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் தாதி. நம் தமிழ்ப் பெண்தான். குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கொஞ்சம் நடக்கச் சொன்னார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மிஸ்ஸியின் கார் திரும்பியதும் அந்தத் தலையாட்டல் செல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, ஒரு காலு மட்டும் வீங்குனா, வலிச்சா, தொட்டா சூடா இருந்தா, உருவக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க. ரத்தம் கட்டியிருக்கலாம். மூச்சு வாங்குனா, நெஞ்சு குத்துனா, யோசிக்கவே யோசிக்காதீங்க."

"ரெண்டு காலும் வீங்குனா மிஸ்ஸி?"

"அப்பவும் வாங்க. ஒங்களுக்கு வாய் வீங்குனாலும் வாங்க."

அவர் போன பிறகு அவர் மாதிரியே இடுப்பில் கைவைத்து அதைச் சொல்லிக் காட்டினேன். மனைவி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். நடித்துக் காட்டியாயிற்று, இனி நடக்காது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை. குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்திருந்தார்கள். அடுப்படியில் அக்கா பூண்டும் ஓமமும் போட்டு மருந்தெண்ணெய் காய்ச்சி இறக்கி வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு உருவிவிடும், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மா ஒருவர் வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பத்தியம் நம்முடையது, உருவுகிற கை மக்சிக்குடையது. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

நான் அறைக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். பழக்க தோஷம். அவள் கால்களை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினேன். வலந்தலையில் இரண்டு தட்டு, தொப்பியில் ஒரு தட்டு.

"ஆ!"

இருபது வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காலிலிருந்து நான் எழுப்பியதில்லை.

"வலிக்குதுங்க. நேத்துலேருந்தே வலிதான். பொரண்டு படுத்ததுல புடிச்சிக்கிச்சு போல."

கைலியை விலக்கிப் பார்த்தேன். வலது கால் எப்போதும் போல் இருந்தது. இடது கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. வலது காலில் தளர்வாகச் சுழலும் கொலுசு இடது காலில் சதைக்குள் பதிந்து கிடந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் தோசையை எடுத்த கல் மாதிரி சூடு.

இடுப்பில் கைவைத்த மிஸ்ஸி என் தலைக்குள் வந்து நின்றார். இந்த முறை அவரை யாரும் நடித்துக் காட்டவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், அழுத்தப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"இது வாயு தம்பி. கீழ எறங்கியிருக்கு. நல்ல வேள, இன்னைக்குத்தான் மக்சிக் வராங்க. நல்லா அழுத்தி மேல உருவிவிட்டா சரியாயிரும்."

அழுத்தி, மேலே. இந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் அங்கிருந்து நழுவினேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தேடினேன். என்னைப் போன்ற ஆட்கள் கையில் கைப்பேசியைக் கொடுக்கவே கூடாது. முதல் வரியில் கால் என்று இருந்தது. இரண்டாவது வரியில் நுரையீரல் என்று இருந்தது. காலுக்குள் கட்டிய ரத்தம் கழன்று, ரத்த நரம்பு வழியாக மேலே ஏறி, நெஞ்சில் போய் அடைத்துக்கொள்ளலாமாம். மூன்றாவது வரியை நான் படிக்கவில்லை. சற்று முன் நான் தட்டியது எங்கே என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது மக்சிக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு உருவ வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பச்ச ஒடம்புக்காரிய முப்பது நாள் கழியாம வாசல் தாண்ட விடுவாங்களா? காத்து பட்டா என்ன ஆவறது? போன தடவ ஏப்பத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன ஆளு நீங்க."

"இது ஏப்பம் இல்லக்கா."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல். "கொஞ்சம் உருவுனா தேவலன்னுதாங்க எனக்கும் இருக்கு. ரொம்ப வலிக்குது."

அதுதான் என்னை உடைத்தது. அக்காவோடு சண்டை போடலாம், மக்சிக்கை அனுப்பிவிடலாம். வலியில் கிடக்கிறவளே கேட்டால் என்ன செய்ய? வாயைத் திறந்தேன். கல்யாண மண்டபத்தில் இரண்டாயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத வாய். "அக்கா... அது வந்து... ரத்தம்..." என்பதற்கு மேல் வரவில்லை. அக்கா அதற்குள் எண்ணெய்ச் சட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

பிறகு நான் செய்ததை அறிவுள்ளவன் செய்ய மாட்டான். சட்டியைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

நல்ல வேளை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நெற்றி, காது, கழுத்து, சட்டைக்குள் என்று எண்ணெய் எல்லாப் பக்கமும் வழிந்தது. ஒரு பூண்டுப் பல் மூக்கின் மேல் வந்து நின்றது. மக்சிக் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். அக்கா வெறும் சட்டியைப் பார்த்தபடி நின்றார்.

அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரையில் ஊன்றாமல், மனைவி வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, அவரு சிரிக்கல பாரு. எப்பவும் பண்ணிட்டு அவருதான் மொதல்ல சிரிப்பாரு." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கெளம்பலாம்."

அக்கா ஒரு போர்வையால் தங்கையின் தலையையும் காதையும் மூடினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கேட்டைச் சாத்திக் கொடுத்தது மக்சிக்.

அந்தப் பாதையில் ஆயிரம் தடவை வண்டி ஓட்டியிருக்கிறேன். அன்று அது நீண்டுகொண்டே போனது. எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து போனது. முந்த வழியில்லை. குலுக்கினால் கட்டி கழன்றுவிடுமோ என்று பள்ளங்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். வேகமாகப் போகவும் பயம், மெதுவாகப் போகவும் பயம்.

அவள் இருமினாள்.

"இருமாத!"

"எண்ணெ வாட தொண்டைய அடைக்குதுங்க."

"நெஞ்சு குத்துதா? மூச்சு வாங்குதா?"

"மூச்சு விடலாமா, அதுக்கும் பெர்மிஷன் கேக்கணுமா?"

பின்சீட்டிலிருந்து அக்கா சொன்னார், "ரோட்டப் பாருங்க தம்பி." அவருடைய குரல் மெலிந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையை ஒரு கையிலும், தங்கையின் தோளை மறுகையிலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நான் இறங்கி ஓடியதும், ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, "டூடோக், என்சிக், டூடோக்" என்று மலாயில் என்னை உட்காரச் சொன்னார். தலையிலிருந்து எண்ணெய் சொட்ட, முகம் வெளுத்து, பூண்டு வாடையோடு வந்து நிற்கிறவனைத்தான் யாரும் நோயாளி என்று நினைப்பார்கள். நான் அல்ல, வண்டியில் என்று காட்டுவதற்குள் என்னை ஒருமுறை உட்கார வைத்துவிட்டார்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள், கையில் ஊசி குத்தினார்கள், கொலுசைக் கழற்றச் சொன்னார்கள். வராததால் வெட்டினார்கள். வெட்டிய கொலுசை என் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நகைகளைக் கழற்றிக் கையில் கொடுப்பதை நான் வேறு சமயங்களில் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலி. மடியில் குழந்தை. அக்கா பால் கலக்க வெந்நீர் தேடிப் போயிருந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. அன்று சாயங்காலம் சுங்கை பெசாரில் நான் மைக் பிடிக்க வேண்டிய கல்யாணத்துக்காரர்.

"வர முடியாதுங்க. வீட்டுக்காரிக்குக் கால்ல ரத்தம் கட்டியிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கேன்."

மறுமுனையில் வெடிச் சிரிப்பு. "பிரமாதம்ணே! இதையே மேடையில ஆரம்பமா வச்சுக்குங்க."

நான் வைத்துவிட்டேன். பினாங்கிலிருக்கும் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது? 'அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல' என்று ஆரம்பித்தால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'சாப்பிட்டியா' என்று ஆரம்பித்தால், அப்பா எப்போது இதையெல்லாம் கேட்டார் என்று பயந்துவிடுவாள். எந்தச் சபைக்கும் எனக்கு முதல் வரி உண்டு. இந்த ஒரு பிள்ளைக்கு ஒரு முதல் வரி கிடைக்கவில்லை. மடியிலிருந்தது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எண்ணெய் வழிகிற மூஞ்சி அதற்கும் பிடிக்கவில்லை போலும், அழுதது. இதற்கு எந்தப் பால், எத்தனை கரண்டி, எந்தப் பக்கம் தோளில் போட்டால் ஏப்பம் வரும், ஒன்றும் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற வாக்கியம் வந்து வந்து வாசலில் நின்றது. அதை உள்ளே விடாமல், 'சாப்பிட்டியா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல' என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு குழந்தையை ஆட்டினேன்.

டாக்டர் வெளியே வந்தார். மூத்த மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தமிழ்ப் பெண்.

"அங்கிள், நீங்க அவங்களுக்கு...?"

"புருஷன். இந்தக் கொழந்தைக்கு அப்பா. தாத்தா இல்ல."

அவர் சிரிக்கவில்லை. தொடை ரத்த நரம்பில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். நல்ல நரம்பை மேலிருந்து ஸ்கேன் கருவியால் அழுத்தினால் தட்டையாகும், இது அமுங்கவில்லை என்றார். மாசமாக இருக்கும்போதும் பிள்ளை பெற்ற பிறகும் ரத்தம் சீக்கிரம் உறையும், வயதும் ஒரு காரணம், படுத்தே கிடந்து தண்ணீர் குறைத்ததும் சேர்ந்திருக்கலாம் என்றார். மூச்சு சீராக இருக்கிறது, நெஞ்சுக்குப் போனதற்கான அறிகுறி இப்போதைக்கு இல்லை, ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசியைத் தொடங்கிவிட்டோம் என்றார்.

'இப்போதைக்கு' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் என் காதில் நிற்கவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். காலையில நான் அந்தக் கால்ல தவில் வாசிச்சேன்."

"என்னது?"

விரலால் நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினேன். ஒரு தாதி திரும்பிப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம்?"

"கெட்டிமேளம் வரைக்கும் போகல."

"நீங்க தட்டுனதால கட்டி வரல அங்கிள். ஆனா இனிமே தட்டாதீங்க."

"மேல அழுத்தி உருவியிருந்தா?"

"அத இப்ப யோசிக்காதீங்க. கொண்டாந்துட்டீங்கல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பதிலாகக் கேட்டது. திரும்பினால் பின்னால் அக்கா, கையில் பால் புட்டியோடு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சுவரோரமாகப் போய் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நடக்க விடாம படுக்க வச்சவ நான்தான் தம்பி. தண்ணிகூட குடுக்கல."

"மேளம் அடிச்சவன் நான்க்கா."

அதைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, அழுகையை நிறுத்தவும் இல்லை. புட்டியை வாங்கிக்கொண்டேன். எந்தத் தோளில் போடுவது என்று கேட்டேன். காட்டிக் கொடுத்தார்.

சில நாட்கள் அங்கேயே இருந்தாள். வயிற்றுத் துணியை டாக்டர் அவிழ்க்கச் சொன்னார். தண்ணீர் குடிக்க வேண்டும், வலி தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும் என்றார். அக்கா அதற்கும் தலையாட்டினார். இந்தத் தலையாட்டல் செல்லுபடியானது. தண்ணீர் ஜாடியோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "குடிடி, இன்னும் கொஞ்சம்" என்று மிரட்டினார். "ஒட்டகம் தோத்துரும்க்கா" என்று தங்கை கெஞ்சினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போடுவதற்கு எனக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் ஊசியைக் கையில் எடுத்ததும் அறை சுற்றியது. கண் விழித்தபோது நான் கட்டிலில் படுத்திருந்தேன், அவள் தானே போட்டுக்கொண்டு என் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு ரத்தம் கட்டாதுங்க, ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

மாதங்கள் போயின. மறுபடி ஸ்கேன் பார்த்து நரம்பு திறந்துவிட்டது என்றார்கள். வீக்கம் வடிந்தது. வெட்டிய கொலுசைப் பற்ற வைத்துக் கொடுத்தேன். அதை அவள் மாட்டிக்கொள்ளவில்லை, குழந்தை கடித்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் நாடகம் தொடங்கினால் பழையபடி கால்களை நீட்டுகிறாள். நான் வலது காலில் மட்டும் வாசிக்கிறேன். இடது பக்கம் போகிற கை பாதியில் நின்றுவிடுகிறது.

"கட்டி போயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல. அடிங்க" என்கிறாள். "ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அது என்ன மேளம்?"

"இது ஸ்பெஷல் கச்சேரி" என்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். எண்ணெயோடு நின்ற அன்று பார்த்த மாதிரியே பார்த்துவிட்டு, காலை எடுக்காமல் நாடகத்துக்குத் திரும்பிவிடுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் இருமுகிறாள். காய்ந்த மிளகாய் வறுக்கிற நெடி எனக்கும் வருகிறது. மிளகாய்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.